இரவு ஷிஃப்டில் ஒரு கொலுசு

ஜூன் 3, செவ்வாய்

நஸ்ரின், ஊரே தூங்கும் நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். என் குட்டி ஆதிரை இப்போதுதான் தோளை விட்டு இறங்கினாள். பகலில் எனக்கென்று கிடைப்பது குளிக்கிற நேரம் மட்டும்தான், அதுவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

ஹாஸ்டலில் லீவு விட்டால் ஆளுக்கொரு நோட்டில் தினமும் எழுதி, காலேஜ் திறந்ததும் மாற்றிக்கொள்வோமே, அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். அனுப்புவேனா என்று தெரியாது. யுகியும் நீயும் சண்டை போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை உங்களுடையது. ஆனால் அவனைக் கட்டிக்கொண்டவள் என்பதால் நானும் உனக்குப் பெருநாள் வாழ்த்தோடு நின்றுவிட்டேன்.

எங்கள் பேண்டின் இரண்டாவது ஆல்பம் நடக்கிறது. பெயர் ‘இரவு ஷிஃப்ட்’. முதலாவது ‘பகல் ஷிஃப்ட்’ என்பதால் இதைத் தவிர வேறு பெயர் கிடையாது என்று பாடுகிற ராபின் ஒரே பிடி. மொத்தம் நாலே பாட்டு. கடைசிப் பாட்டு ‘நூல் அறுந்த நேரம்’ மட்டும் இருபது நிமிஷத்தைத் தாண்டுகிறது. ஸ்பின்னிங் மில்லில் ராத்திரி வேலை பார்க்கும் ஒருத்தியின் முழு ராத்திரியும் அதில் வருகிறது. தாளம் ஏழு எண்ணிக்கையில் தொடங்கிப் பதினொன்றுக்கு மாறும், மில் சங்கு ஊதும்போது எல்லாம் நிற்கும், பிறகு ஏழுக்குத் திரும்பும். வரிகள் என்னுடையவை. கீபோர்டும் நான்தான், வீட்டில், குழந்தை தூங்கத் தூங்கத் துண்டு துண்டாக வாசித்தது.

பதிவுகளையெல்லாம் சேர்த்துச் சத்தத்தைச் சமப்படுத்தும் மிக்ஸ் வேலையை இந்த முறை யுகியே செய்கிறான். போன முறை நீ உட்கார்ந்த நாற்காலிதான். ஜூலைக் கடைசியில் மாஸ்டரிங்குக்குக் கொடுத்தாக வேண்டும், ஆகஸ்டில் வெளியீட்டுக் கச்சேரி. “முதல் ஆல்பத்துல நல்ல பேர் வாங்கினா, ரெண்டாவதுல எப்படா சறுக்குவான்னு பாத்துட்டே இருப்பாங்க” என்கிறான். நாள் முழுக்க ஹெட்போனும் தலையுமாக இருக்கிறான்.

நேற்று ராத்திரி குழந்தை இரண்டு தரம் சிணுங்கி, மூன்றாம் தரம் வீறிட்டாள். அவன் சுவரைப் பார்த்து, இடது கன்னத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். பிறந்த புதிதில் என்னை முந்திக்கொண்டு எழுந்தவன் அவன்தான். களைப்பாக இருக்கும். களைப்புதான்.

ஜூன் 5, வியாழன்

தூறல். துணி காயவில்லை. ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டி ஆதிரையின் சட்டைகளை உலர்த்தினேன். ராகிக் கூழைத் துப்பினாள், பிறகு தரையில் சிந்தியதை நக்கினாள்.

ஜூன் 8, ஞாயிறு

கணபதி ஏரியாவில் நாங்கள் ரெக்கார்டிங் செய்யும் வேலுவின் ஷெட்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். நீ பார்த்த மாதிரியேதான் இருக்கிறது, வேலுவின் அப்பா மோட்டார் பம்ப் பட்டறை நடத்திய அதே ஷெட். டிரம்ஸ் மேடைக்குப் பின்னால் பழைய லேத் மெஷின் இன்னமும் நிற்கிறது. ராபின் அதில் சட்டை மாட்டுகிறான்.

இப்போது அங்கே ஒரு புதுத் தலைவலி. எல்லாப் பாட்டிலும் பின்னால் மெல்லிசாக ஒரு விசில் ஓடுகிறதாம். யுகிக்கு மட்டும்தான் கேட்கிறது.

“ஈ...ன்னு ஓடிட்டே இருக்குதுடா. உனக்குக் கேக்கலியா?”

“எனக்கு என்ற வயிறு கத்தறதுதான் கேக்குது” என்றான் ராபின். “பன்னு வாங்கியாரட்டுமா?”

ஒயர் எல்லாம் மாற்றிவிட்டார்கள். டியூப்லைட்டைக் கழற்றிவிட்டார்கள். வேலு யோசித்து யோசித்துச் சொன்னான்: “எர்த்து சரியில்லீன்னா இப்படித்தான் வரும். எங்கப்பன் காலத்து எர்த்து இது. புதுசாக் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு கம்பி எறக்கீட்டா விசிலாவது ஒண்ணாவது.”

அவனே மண்வெட்டியோடு ஷெட்டுக்குள் பின்பக்கச் சுவர் ஓரமாகச் சிமென்ட் தரையைப் பெயர்க்க ஆரம்பித்துவிட்டான். டிரம்ஸ் வாசிக்கும் ஆளுக்கு அடிக்க எதுவாவது கிடைத்தால் போதும் என்று ராபின் கேலி செய்தான். யுகி சிரிக்கவில்லை. குழியின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

நானும் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன் நஸ்ரின். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இசைக்காரர்களின் காது வேறு என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 11, புதன்

யுகியின் அக்கா திருப்பூரிலிருந்து வந்திருந்தார். ஆதிரைக்கு வெள்ளிக் கொலுசு, நிறைய மணி வைத்தது. நான், இப்போதே எதற்கு அண்ணி, உறுத்தும் என்றேன்.

“தவழற கொழந்தைக்குக் கொலுசு போடறது அழகுக்கா கண்ணு? எந்த மூலைல கெடக்குதுன்னு தெரியறதுக்கு. நீ அடுப்படில நின்னுட்டே கொழந்தை எங்கன்னு சொல்லலாம்.”

உண்மைதான். சாயங்காலம் முழுக்கக் காதாலேயே அவளைப் பின்தொடர்ந்தேன். பீரோவுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்ட், மறுபடி பீரோ. 

யுகிக்கு உடனே யோசனை வந்துவிட்டது. ‘நூல் அறுந்த நேரம்’ பாட்டில் சங்கு ஊதி எல்லாம் நின்ற பிறகு, வீட்டில் விட்டு வந்த குழந்தை அவளுக்கு ஞாபகம் வருகிற இடம். அங்கே வேறு எதுவும் வேண்டாம், இந்தக் கொலுசு மட்டும் என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மைக்கைப் பாய் ஓரத்தில் வைத்து, அவளைத் தவழவிட்டுப் பதிவு செய்தான். கிலுகிலுவென்று அவள் அவனை நோக்கியே போனாள். அவன் கண் மட்டும் மீட்டரின் முள்ளிலேயே இருந்தது. ஒரு தடவைகூட அவளைப் பார்க்கவில்லை.

“விழுந்துச்சா?” என்று என்னைக் கேட்டான்.

“என்னது?”

“சத்தம்.”

“உனக்குத்தானே தெரியோணும்” என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

ராபினின் காரில் நால்வரும் உட்கார்ந்து மிக்ஸ் கேட்டோம். கார் ஸ்பீக்கரில் கேட்டால்தான் பாட்டின் யோக்கியதை தெரியும் என்பது நீ வைத்துவிட்டுப் போன பழக்கம். ஆதிரை என் மடியில்.

சிம்பல் முதல் அடியிலேயே குழந்தை முகத்தைச் சுளித்து என் நெஞ்சில் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் பல் கூசியது. எவர்சில்வர் தட்டுகளைக் குழாயடியில் போட்டு உருட்டுகிற மாதிரி. ராபின் பாடும் வரிகளில் ‘ச’ வருகிற இடமெல்லாம் சீறியது. பிறகு சங்கு ஊதி ஓய்ந்தது, கொலுசு வந்தது. கார்க் கண்ணாடி அதிர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ராபின் நிறுத்தினான். “மாப்ள, இது ஆல்பமா, நகைக்கடை வெளம்பரமா?”

“உனக்கென்னடா தெரியும்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா என்ற காதுல ரத்தம் வருது. நீ வேணா பாரு.”

வேலு நிதானமாகச் சொன்னான்: “மேல் சத்தத்தக் கொஞ்சம் எறக்கு யுகி. நான் அடிச்ச சிம்பல் இப்படி இல்ல.”

யுகி கதவைத் திறந்து இறங்கினான். “உங்க காதெல்லாம் போர்வைக்குள்ள இருக்குது” என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டான்.

போர்வை. அன்றைக்கு உன்னிடம் சொன்னதும் அதே வார்த்தைதான், இல்லையா? நீ ‘பகல் ஷிஃப்ட்’டை மறுபடி புதிதாக மிக்ஸ் செய்து அனுப்பியபோது, போர்வைக்குள் பாடுகிற மாதிரி மங்கலாக இருக்கிறது என்றான். நீ போனை வைத்தாய். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே, கொஞ்சம் குறைத்துத்தான் பாரேன் என்றேன். “நீயுமா?” என்றான். தோசை தீய்ந்தது.

ஜூன் 19, வியாழன்

அவன் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆதிரை அவன் முதுகுக்குப் பின்னால் போய் மணியை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள், கட்டிலைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொண்டாள். அப்பா பார்ப்பார் என்று நிற்கிறாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தொப்பென்று உட்கார்ந்து, என்னிடம் வந்துவிடுகிறாள்.

குழந்தை வேண்டும் என்று நான்தான் முதலில் சொன்னேன். ஆல்பம் முடியட்டும் என்றான் அவன். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்?

ஜூன் 22, ஞாயிறு

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கீபோர்டில் ஒரு பகுதியை மறுபடி வாசிக்க வேண்டும் என்று ஷெட்டுக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் நான். வெளியே பாயில் ஆதிரை. பக்கத்தில் யுகி. “பாத்துக்கோ” என்று சொன்னேன். சரியென்று தலையாட்டினான். ஹெட்போன்கூடப் போட்டிருக்கவில்லை நஸ்ரின். வெறும் காதோடு, திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

வாசித்து முடித்து நிமிர்ந்தேன். பாயில் குழந்தை இல்லை. கண்ணாடி வழியாக எனக்குச் சத்தம் வராது. யுகி அதே இடத்தில், அதே முதுகு. ராபின் மட்டும் பின்சுவரை நோக்கிப் பாய்வது தெரிந்தது.

எர்த் குழி. நெஞ்சளவு ஆழம், இன்னும் மூடவில்லை. ராபின் அவளைத் தூக்கும்போது ஒரு கை ஏற்கெனவே குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்ததாம். டீ வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவன், கொலுசுச் சத்தம் தப்பான திசையிலிருந்து வருகிறதே என்று பார்த்திருக்கிறான்.

“டேய், உன் முதுகுக்குப் பின்னாடிதாண்டா போயிருக்கா! கிலுகிலுன்னு ஊரே கேக்கப் போயிருக்கா! நீ என்ன கல்லா?”

யுகி எழுந்தான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. குழந்தையை வாங்கக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

பேசவில்லை. அவனும் பேசவில்லை. அண்ணி போனில் கேட்டார், கொலுசு உறுத்துகிறதா என்று. இல்லை என்றேன்.

ஜூன் 25, புதன்

குழியின் மேல் தகரம் போட்டு மூடியிருப்பதாக வேலு செய்தி அனுப்பினான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான், அவன் எதற்குக் கேட்க வேண்டும்? உப்பும் கரியும் போடவா என்று கேட்டால் யுகி பதிலே சொல்வதில்லையாம்.

ராத்திரி ஹெட்போனிலிருந்து கசிகிற சத்தம் அடுத்த அறை வரை வந்தது. அவ்வளவு சத்தமாக வைத்துக்கொண்டு ஒருத்தனால் எப்படிக் கேட்க முடியும்? எங்கள் இரண்டு பேரையும் கேட்கக் கூடாது என்றுதான் வைக்கிறானோ? அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இழுக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஆதிரைக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல். பல் முளைப்பதால் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

வெந்நீர் வைக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அவளை யுகி மடியில் வைத்து, தெர்மாமீட்டரை அக்குளில் செருகி, “சத்தம் வந்ததும் எடு” என்றேன். ஒரு வாரத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அடுப்படியில் நிற்கிறேன். பீப், பீப், பீப் என்று தெளிவாகக் கேட்டது. டம்ளரைக் கழுவிவிட்டு வந்தால், அவன் அவள் கையை மெல்ல அழுத்திப் பிடித்தபடி, பூ மாதிரி பிடித்தபடி, அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

“எடுக்கலியா?”

“இன்னும் சத்தம் வரலியே.”

“வந்துருச்சே.”

“வரல பூரி. நான் இங்கயேதான உக்காந்திருக்கறேன்.”

இந்தச் சண்டைக்கு நடுவே அவன் என் பெயரைச் செல்லமாகச் சுருக்கிப் பூரி என்று கூப்பிட்டதில் கோபம் வர வேண்டும். வரவில்லை. தெர்மாமீட்டரை அணைத்து மறுபடி வைத்தேன். இந்த முறை அங்கேயே நின்றேன். அவன் குனிந்து குழந்தையின் நெற்றியில் வாயை வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். மறுபடி பீப் அடித்தது. அடித்து ஓய்ந்தது. அவன் நிமிரவில்லை.

நான் எடுத்துக்கொண்டேன். நூற்றியொன்று. மருந்து கொடுத்தேன்.

இப்போது இறங்கிவிட்டது. அவள் தூங்குகிறாள். நான் இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன் நஸ்ரின். நீ படித்திருந்தால் விசிலைப் பற்றி எழுதிய பக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பாய்.

ஜூன் 30, திங்கள்

தெர்மாமீட்டரை நான் என் அக்குளில் வைத்துக்கொண்டு, அவன் வெங்காயம் நறுக்கும்போது பின்னால் போய் நின்றேன். அடித்தது. கத்தி நிற்கவில்லை. பக்கவாட்டில் போய் நின்று மறுபடி. இடது பக்கம் வந்தபோது லேசாகத் தலையைத் திருப்பினான், எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி.

“அன்னிக்கு ஷெட்டுல உனக்குக் கொலுசு கேட்டுச்சா யுகி?”

கத்தியைக் கீழே வைத்தான். “கொலுசு போட்டிருந்தாளா அன்னிக்கு?”

“அது வந்த நாள்லருந்து கழட்டவே இல்ல.”

தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். வெங்காயத்தால் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது, அதனால் யார் அழுகிறோம் என்று தெரியாமல் போனது நல்லதாயிற்று.

“மைக்குல முள்ளு ஆடுச்சு. அதப் பாத்துத்தான் சத்தம் வருதுன்னு தெரிஞ்சுது” என்றான். “மிக்ஸ்ல ஏத்திட்டே போனேன். ஒரு எடத்துல கேட்டுச்சு. அழகா இருந்துச்சு பூரி. அதுல நிறுத்தினேன்.”

கார்க் கண்ணாடி அதிர்ந்ததே, அந்த அளவு. அவ்வளவு ஏற்றினால்தான் அவனுக்குத் தன் குழந்தையின் கால் கேட்கிறது.

“அந்த விசிலு?”

“அது காதுக்குள்ளதான். குழி இடுப்பளவு போனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெளிய நின்னாலும் கேக்குது, ரோட்டுல நின்னாலும் கேக்குது. வேலு வேர்த்து ஊத்தத் தோண்டிட்டு இருக்கறான். போதும்டா, இது மண்ணுல இல்லன்னு அவங்கிட்ட எப்படிச் சொல்றது?”

அந்தக் குழியில்தான் அவள் கை தொங்கியது. இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றேன். ஆல்பம் முடியட்டும் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “காது கேக்காதவன் மிக்ஸ் பண்றான்னு தெரிஞ்சா அப்புறம் எவன் என்னக் கூப்பிடுவான்? இத முடிச்சுட்டு நானே வர்றேன். மூணு வாரம்.”

மூன்று வாரம். தினமும் அந்தச் சத்தத்தில்.

ஜூலை 2, புதன்

கெஞ்சினேன், கத்தினேன். ஹெட்போனை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்து எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டான். சிரித்தான்கூட. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அண்ணியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டித்தான் அழைத்துப் போனேன். காது பரிசோதிக்கிற பெண் நம் வயதுதான் இருக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் யுகி. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே நான் ஆதிரையோடு, அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் அடிக்கடி அமுங்கியது. பிறகு விரல் சும்மா இருந்தது. இருந்துகொண்டே இருந்தது.

தாளில் கோடு நேராக வந்து, கீச்சென்ற மேல் சத்தங்கள் தொடங்குகிற இடத்தில் கிணற்றில் குதிக்கிற மாதிரி விழுகிறது. வலது காதில் இன்னும் ஆழம்.

“அதிகச் சத்தத்துல வர்றதுங்க. போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். ஹெட்போன், ஸ்பீக்கர், டிரம்ஸ் பக்கத்துல நிக்கறது எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்தணும்.”

“மூணே வாரம்ங்க. ஒரு வேலை இருக்குது.”

அந்தப் பெண் தாளை அவன் பக்கம் திருப்பினாள். “மூணு வாரத்துல எவ்வளவு போகும்னு என்னால சொல்ல முடியாது. அடுத்துப் போறது எதுன்னு சொல்லலாம். பேச்சு. அதுலயும் பொம்பளைங்க, கொழந்தைங்க பேசறது மொதல்ல.”

ஆதிரை அப்போது பார்த்து மேஜைக்கடியில் போய்விட்டாள். யுகி குனிந்து தேடினான். தப்பான பக்கம் தேடினான். நான் கையால் காட்டினேன்.

வரும் வழியில் பஸ்ஸில் என் மடியிலிருந்து அவளை வாங்கிக்கொண்டான். அவள் காலைத் தன் இடது காதருகே தூக்கி வைத்து ஆட்டிப் பார்த்தான். பக்கத்து சீட்டு அம்மா சிரித்தார்.

ஜூலை 6, ஞாயிறு

ஷெட்டில் அவனே சொன்னான். நான் சொல்கிறேன் என்றதற்கு, வேண்டாம், நான் பேசறதாவது எனக்கு ஒழுங்காக் கேக்குதல்ல என்றான்.

ராபின் லேத் மெஷினில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து, மறுபடி அங்கேயே மாட்டினான். பிறகு, “அன்னிக்குக் கல்லான்னு கேட்டுட்டேன்” என்றான்.

“கேட்டுச்சு. அது நல்லாவே கேட்டுச்சு” என்றான் யுகி.

“அப்ப என்ற பாட்டு மட்டும் உனக்குக் கேக்காமப் போகோணும்னுதான் நான் வேண்டிக்கறேன். இல்லீன்னா என்னயக் கழட்டி விட்டிருவே.”

அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். வேலு மட்டும் சிரிக்கவில்லை. தகரத்தை இழுத்து ஓரமாகப் போட்டான். “மூடிறலாமா?”

“மூடிரு.”

மூன்று பேரும் மண்ணைத் தள்ளினார்கள். ராபின் காலால், யுகி முறத்தால். உப்பு மூட்டையை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அம்மா மாங்காய் ஊறுகாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு வாரமாகக் காத்திருப்பதாக வேலு சொன்னான்.

ஆல்பம் என்ன ஆவது? இப்படியே வெளியிட முடியாது. கச்சேரியைத் தள்ளி வைக்கிறார்கள். சென்னையில் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம் என்று ராபின் சொன்னான். பதினொன்றில் போகிற தாளத்தை அவர் எட்டாக்கித் திருப்பித் தருவார் என்று வேலு சொன்னான். அப்புறம் கையைத் தட்டி மண்ணை உதறிவிட்டு, “நஸ்ரினக் கேளு” என்றான்.

யுகி முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். “என்ன மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?”

 குழி இருந்த இடத்தில் ஆதிரை போய் உட்கார்ந்து புது மண்ணை எடுத்து வாயில் வைத்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

நஸ்ரின், இதுதான் கடைசிப் பக்கம். இதுவரை எழுதியதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முதல் பக்கங்களில் அவனைப் பற்றி நான் நினைத்தது எதையும் அடிக்கவில்லை. நீயும் ஒரு வருஷமாக அவனைப் பற்றி அப்படித்தானே நினைத்திருப்பாய்.

நேற்று அவனுக்குக் கேட்கிற அளவில் நான் பாடியும் சொல்லியும் காட்டினேன், சிம்பல் இங்கே இப்படி இருக்கிறது, ராபின் குரல் இங்கே சீறுகிறது என்று. ‘பகல் ஷிஃப்ட்’டையும் அப்படியே முழுதாக எடுத்துப் பேசினோம். கடைசியில், “நஸ்ரின் அனுப்புனது சரியாத்தான் இருந்திருக்குது” என்றான். இதை அவனே உன்னிடம் சொல்ல வேண்டும். சொல்வான். கூச்சம் தெளிய இன்னும் இரண்டு நாள் கொடு.

ஹெட்போன் இப்போது மறுபடி அரிசி டப்பாவில் இருக்கிறது. இந்தத் தடவை அவனே வைத்தான். நீ செய்யமாட்டேன் என்றால் அவன் திரும்ப எடுத்துவிடுவானோ என்பதுதான் என் பயம். யாரிடமாவது ஒப்படைத்தால்தான் அவன் கை சும்மா இருக்கும். உன்னைத் தவிர யாரிடமும் ஒப்படைக்க மாட்டான். இது உன் மேல் பாரத்தை ஏற்றுகிற பேச்சு என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

நாலு பாட்டின் தனித்தனிப் பதிவுகளும் ஏறிக்கொண்டிருக்கின்றன. நெட் மெதுவாக இருக்கிறது, விடிவதற்குள் வந்துவிடும். கொலுசு தனியாக இருக்கும், ‘ஆதிரை’ என்று பெயர் போட்டிருக்கிறேன். அதை எந்த அளவில் வைக்க வேண்டுமோ அந்த அளவில் வை. அடுத்த அறையில் குழந்தை இருக்கிற மாதிரி, அவ்வளவுதான்.

அப்படி வைத்தால் உனக்குக் கேட்காதே என்று யுகியிடம் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. கட்டிலில் அவளைக் கிடத்தி, பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“சங்கு நின்னதும் பதினொண்ணு எண்ணுவேன்” என்றான். “அங்க இருக்கும்.”

உன்னால் முடியுமா, முடியாதா என்று மட்டும் சொல். சீக்கிரம் பதில் போடு.

பூரணி